சமையலறை இல்லாத ஊர்

எங்கள் வீட்டில் "ஊருக்குப் போவது" என்றால் ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், இல்லை யாருக்காவது கல்யாணம் ஆக வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணத்துக்கும் மனிதர்கள் ரயில் ஏறலாம் என்பது கல்கத்தாவுக்குக் குடித்தனம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்குரியாவில் நாங்கள் மாடியில் இருந்தோம், வங்காளி வீட்டுக்காரர் கீழே. அவரை தாதா, அதாவது அண்ணா என்றும், அவர் மனைவியை பௌதி, அதாவது மன்னி என்றும் அவர்கள் பாஷையிலேயே கூப்பிடுவோம். பூஜை லீவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கீழே கூச்சல் ஆரம்பித்துவிடும். பூரியா, டார்ஜிலிங்கா, ஹரித்வாரா என்று புருஷனும் பெண்டாட்டியும் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுவார்கள். அப்புறம் ஒருநாள் படுக்கையைச் சுருட்டிக் கட்டின ஹோல்டால், தெர்மாஸ், ஐப்பசி வெயிலில் குரங்குக் குல்லா சகிதம் கிளம்பிப் போவார்கள். திரும்பி வந்தபின் மூன்று மாதத்துக்கு எனக்குக் கதாகாலட்சேபம் நடக்கும்.

ஒரு தடவை, பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, அங்கே என்ன சமைத்தீர்கள் என்று பௌதியைக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பேடாத்தே கியே ரான்னா கோர்போ கேனோ?" என்றாள். சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் நான் எதற்காகச் சமைக்க வேண்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு மீன் வாங்கப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். இவருக்கு ரயில்வே ஆபீசில் உத்தியோகம், கார்டன் ரீச்சில். பாஸ் கிடைக்கும். பாஸ் கிடைத்தால் மெட்ராஸ். மெட்ராஸ் என்றால் மாம்பலத்தில் இவருடைய அக்காவும் அவள் புருஷர் அத்திம்பேரும் இருக்கிற வீடு. சென்ட்ரலில் இறங்கி, ஜட்காவோ டாக்சியோ பிடித்து, வாசலில் செருப்பைக் கழற்றினதும் அக்கா சொல்லுவாள், "குளிச்சுட்டு வந்துடுடீ, கொஞ்சம் கைக்கு ஒத்தாசையா இருக்கும்." அந்த ஒத்தாசை திரும்பி ரயில் ஏறுகிற வரைக்கும் நடக்கும். பதினொரு வருஷத்தில் மெட்ராஸில் எனக்கு அத்துப்படியான இடம் என்றால் அக்காவின் புளி ஜாடி இருக்கும் மூலைதான். கடற்கரையை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு தடவை பஸ்ஸிலிருந்து.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, இந்த வருஷம் பூஜை லீவுக்கு நாமும் எங்கேயாவது போகவேண்டும் என்றேன். எங்கே என்றார். சமையலறை இல்லாத ஊர் எதுவாக இருந்தாலும் சரி என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பேப்பரை மடித்தார். இவரிடம் ஒரு குணம் உண்டு. எதையும் முடியாது என்று சொல்லமாட்டார், ஆபீஸ் பைல் மாதிரி அடுத்த ஆள் மேஜைக்குத் தள்ளிவிடுவார். என் கோரிக்கையைக் கீழ்வீட்டு தாதாவுக்குத் தள்ளினார்.

தாதா அதற்காகவே பிறந்தவர். அன்று சாயங்காலமே டைம்டேபிளையும், மடித்து மடித்துக் கிழிந்துபோன இந்தியா மேப்பையும் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். யாருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். இவருக்குப் பட்டணம் சுற்ற வேண்டும், மியூசியம், லைட்ஹவுஸ். பிள்ளைக்கு யானை. மிருகக்காட்சிசாலை யானை இல்லை, காட்டு யானை. பெண்ணுக்கு திராட்சைத் தோட்டம். ஏனென்றால் அவள் அதுவரை பார்த்த திராட்சையெல்லாம் கடியாஹாட் மார்க்கெட்டில் பஞ்சு வைத்த மரப்பெட்டியில் இருந்ததுதான். அந்தப் பெட்டிக்குள்தான் அது காய்க்கிறது என்று ஏழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தாள். லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் கடையில் பத்து நாள் பழசாகக் கிடைக்கும் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில், கம்பத்தில் பந்தல் பந்தலாகத் திராட்சை தொங்குகிற படம் வந்திருந்தது. அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அழிச்சாட்டியம் செய்துகொண்டிருந்தாள்.

தாதாவுக்குத் தெற்கே போவதில் ஆட்சேபம் இருந்தது. பக்கத்தில் சுந்தரவனத்தில் ராயல் பெங்கால் புலியை வைத்துக்கொண்டு யாராவது யானையைப் பார்க்க ஆயிரம் மைல் போவார்களா என்றார். இருந்தாலும் டைம்டேபிளைப் பார்த்ததும் ஆட்சேபம் மறந்துபோய்விட்டது. ஹௌராவிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே போய் மெட்ராஸ், மதுரை, அங்கிருந்து போடி போகிற குட்டி லைன், தேனியில் இறங்கி பஸ், கம்பம், அதற்கு மேல் மலையேறினால் தேக்கடி, ஏரியில் படகு, கரையில் யானை என்று நிறுத்தினார். எல்லாம் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவருக்கே அதில் பெருமை தாங்கவில்லை, இரண்டாவது தடவை காபி வாங்கிக் குடித்தார்.

நான் அதை ஒரு தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். மெட்ராஸ் மூன்று நாள், லாட்ஜில். கம்பம் ஒரு நாள். தேக்கடி மூன்று நாள், லாட்ஜில். மெட்ராஸுக்கு எதிரே லாட்ஜ் என்று பார்த்ததும் இவர் முகம் சுண்டிப்போயிற்று. அக்கா இருக்கிற ஊரில் லாட்ஜா என்றார். அக்காவுக்குத் தெரிந்தால்தானே என்றேன். யாருக்கும் ஒரு வரி எழுதக்கூடாது, போய்விட்டு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் தலைமேல் சத்தியம் வாங்கினேன். தினம் மத்தியானம் பாத்திரம் கழுவின கையோடு பீரோவைத் திறந்து அந்தத் தாளைப் படிப்பேன். ஏழு நாள். ஏழு நாளும் யாராவது கேட்டுக் கேட்டுப் பரிமாற, நான் உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன். எனக்கு யானையும் வேண்டாம், திராட்சையும் வேண்டாம், அதுதான் வேண்டியிருந்தது.

சத்தியத்தைப் பன்னிரண்டு நாள் காப்பாற்றினார்.

இதை வெளி மனிதர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். மெட்ராஸ் மெயிலில் இரண்டு ராத்திரி போகவேண்டும். அந்த லைன் முழுக்க நம்மவர்கள் உத்தியோகத்துக்கென்று வந்து இறைந்து கிடந்தார்கள். கரக்பூரில் ஒருத்தர், வால்டேரில் ஒருத்தர், பெஜவாடாவில் ஒருத்தர். இந்தத் தேதியில், இந்த வண்டியில், இந்தப் பெட்டியில் வருகிறோம் என்று முன்கூட்டி ஒரு கார்டு போட்டுவிட்டால் போதும். வண்டி நிற்கிற பத்து நிமிஷத்தில் யாராவது டிபன் கேரியரோடு ஓடிவந்து, மிளகாய்ப்பொடி தடவின இட்லியும் தயிர் சாதமும் ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டே கூட ஓடுவார்கள். நானும் எத்தனையோ பேருக்கு ஹௌராவில் கேரியரும் கையுமாக நின்றிருக்கிறேன். ரயிலில் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கினவன் என்று எங்கள் குடும்பத்தில் ஒருத்தன் கிடையாது. இரண்டு நாள் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கவலையில் மனுஷர் ஆபீசில் உட்கார்ந்து கார்டு எழுதிப் போட்டுவிட்டார்.

ரெண்டே ரெண்டு கார்டுதான் என்று பிற்பாடு என்னிடம் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். வால்டேருக்கு ஒன்று, பெஜவாடாவுக்கு ஒன்று. வண்டி வருகிற நேரத்தோடு நிறுத்தியிருக்கலாம். முதல்முறையாக டூர் போகிற பெருமையில், பீரோக் கதவில் நான் ஒட்டியிருந்ததை வரிவிடாமல் அதில் காப்பி எடுத்திருந்தார், லாட்ஜ் உட்பட.

பதில்கள் வர ஆரம்பித்தன. வால்டேரிலிருந்து, ஒருநாள் இறங்கி சிம்மாசலம் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று வந்தது. பெஜவாடாவிலிருந்து, புளியோதரை கொண்டுவருகிறோம், வரும்போது கல்கத்தாக் கோரைப்பாய் இரண்டு, கொஞ்சம் பெரியதாக வேண்டும் என்று வந்தது. இதெல்லாம் பரவாயில்லை. மூன்றாவதாக மாம்பலத்திலிருந்து அக்காவின் இன்லண்ட் லெட்டர் வந்தது. மடிக்கிற ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருந்தாள். லாட்ஜில் தங்கப் போகிறீர்களாமே, பெஜவாடாவிலிருந்து எழுதியிருக்கிறார்கள், நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம் என்று ஆரம்பம். அந்த வாரம்தான் மாமனார் திவசம் வருகிறது, நீ இருந்தால் ஒத்தாசையாக இருக்கும் என்று நடுவில். கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: "தேக்கடிக்கு நாங்களும் வருகிறோம். அத்திம்பேர் வெளியில் கை நனைக்கமாட்டார் என்பது உனக்குத் தெரியும். நான் ஸ்டவ், அரிசி, பருப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே."

வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அழுதேன். மாமியார் திட்டினபோது அழாதவள் ஒரு ஸ்டவ்வுக்காக அழுதேன். பீரோவைத் திறந்து அந்தத் தாளைக் கிழித்து எடுத்தேன். கோந்து போட்டு ஒட்டியிருந்ததால் பாதிதான் வந்தது. இவர் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"நீங்க குழந்தைகளை அழைச்சுண்டு போங்கோ. நான் இங்கயே இருக்கேன். சமைக்கறதுன்னா என் வீட்டிலயே சமைச்சுட்டுப் போறேன்."

இவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பாஸில் உன் பேர் எழுதி வாங்கியாச்சே என்றார். இதைத்தான் பதிலாக யோசித்தார். பௌதியிடம் போய்ப் புலம்பினேன். அவள் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு, போய் இறங்கினதும் ஜுரம் என்று படுத்துக்கொள், யானையைப் பார்க்கும்போது சரியாகிவிடும் என்று யோசனை சொல்லி, தன் ஹோல்டாலையும் எடுத்துக் கொடுத்தாள். பெண் வேறு திராட்சைப் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். கிளம்பினேன்.

வால்டேரில் இறங்கவில்லை, கோபித்துக்கொண்டே இட்லி கொடுத்தார்கள். பெஜவாடாவில் பாயைக் கொடுத்துப் புளியோதரையை வாங்கிக்கொண்டோம். புளியோதரை பிரமாதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மெட்ராஸில் நான்கு நாள். இவர் குழந்தைகளோடு மியூசியம் பார்த்தார், லைட்ஹவுஸ் ஏறினார், கடற்கரையில் குதிரைச் சவாரிகூட ஆயிற்று. நான் உளுந்து அரைத்தேன். திவசத்துக்கு மடிப்புடவையைச் சுற்றிக்கொண்டு அடுப்பங்கரைப் புகையில் அக்காவும் நானும் காலையிலிருந்து நின்றோம். அக்கா அதிகம் பேசுகிறவள் இல்லை. இதை நறுக்கு, அதைக் கிளறு, இவ்வளவுதான். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காய்கறியைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவளிடம் பேசவில்லை. பௌதி சொன்ன ஜுரத்தை வரவழைக்கப் பார்த்தேன். என் உடம்புக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

பிறகு ஆறு பேருமாக மதுரைக்கும், அங்கிருந்து போடி வண்டியில் தேனிக்கும் போய், பஸ் பிடித்து கம்பத்தில் இறங்கினோம். மூட்டைகளில் கனமானது எது என்று சொல்லவேண்டியதில்லை. பித்தளை ஸ்டவ்வைப் பழைய வேஷ்டியில் சுற்றி அத்திம்பேர் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அவர் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையரானவர். மெட்ராஸ் ராஜதானியில் அவர் சர்டிபிகேட் கொடுக்காத பாய்லர் கிடையாது என்பார்.

திராட்சைத் தோட்டம் படத்தில் இருந்தபடிதான் இருந்தது, ஆனால் படத்தில் யாரும் குனிந்து நடக்கவில்லை. பந்தல் ரொம்பத் தாழ்வு. இலையெல்லாம் மருந்து அடித்து நீலம் பூத்திருந்தது. தோட்டக்காரர் கழுவாமல் வாயில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு கூடை கறுப்புத் திராட்சையை வாய்க்கால் தண்ணீரில் அலசிக் கொடுத்தார். பெண் பேச்சு மூச்சு இல்லாமல் தின்றாள். அக்கா ஒரு குலையைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்து, காயா இருக்கறச்சே பறிச்சா தொக்கு போடலாம் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷி சொர்க்கத்துக்குப் போனாலும் அங்கே உப்பு புளி எங்கே என்றுதான் கேட்பாள் என்று இவரிடம் முணுமுணுத்தேன். அவள் காதில் விழுந்திருக்கும், திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மலையேறி, தேக்கடியை ஒட்டின குமுளியில் ஒரு லாட்ஜில் இரண்டு ரூம் எடுத்தோம். தெருவுக்கு எதிரே ஒரு மெஸ். கையிலிருந்த கட்டுச்சாதத்தோடு அன்றைய பாடு தீர்ந்தது. மறுநாள் விடிந்ததும் அத்திம்பேர் ஸ்டவ்வை வராந்தாவில் வைத்துப் பற்றவைக்க உட்கார்ந்தார். பம்பு அடித்தார். அடித்தார், அடித்தார், காற்றே ஏறவில்லை. இவர் ஒரு கை பார்த்தார். பிள்ளையும் பார்த்தான். ஸ்டவ் பின்னை விட்டுக் குத்தினார்கள், ஊதினார்கள், தலைகீழாகக் கவிழ்த்தார்கள். வராந்தா முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். அக்கா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய ஸ்டவ், ஓட்டை விழுந்திருக்கும் என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு வேர்த்துக் கொட்டியது.

வேறு வழியில்லாமல் மெஸ்ஸுக்குப் போனோம். அத்திம்பேர் தனக்கு இரண்டு வாழைப்பழம் போதும் என்று வீறாப்பாக உட்கார்ந்தார். பக்கத்து இலையில் தோசை வந்து விழுந்ததும், வெங்காயம் கிடையாதே என்று பரிமாறுகிறவரை விசாரித்தார். கிடையாது என்றார்கள். ஐந்து தோசை சாப்பிட்டார். அக்காவுக்குத்தான் உட்காரவே தெரியவில்லை. யாருக்குச் சட்னி இல்லை, யாருக்குத் தண்ணீர் இல்லை என்று எழுந்து எழுந்து நின்றாள். பரிமாறுகிறவர், நீங்க உக்காருங்கம்மா, நான் எதுக்கு இருக்கேன் என்றார். உட்கார்ந்து, நடுவில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டவள் என் பக்கம் குனிந்து, தோசை இப்படி மொறுமொறுன்னா இருக்கும் என்று கேட்டாள். ஆயிரக்கணக்கில் தோசை வார்த்தவள் கேட்கிறாள். 

படகில் ஆண்களும் குழந்தைகளும் முன்னால் போய் நின்றுகொண்டார்கள். ஏரி நடுவில் பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்கு மேல் கறுப்பாக நிற்கும். ஒவ்வொன்றையும் பிள்ளை யானை என்று கத்தினான். அக்காவும் நானும் பின் பெஞ்சில் இருந்தோம். கொஞ்ச தூரம் போனதும் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, உள்ளங்கையில் எதையோ வைத்து என்னிடம் காட்டினாள். ஸ்டவ் பம்புக்குள் இருக்கும் தோல் வாஷர். அது இல்லாவிட்டால் ஜன்மத்துக்கும் காற்று ஏறாது. மாம்பலத்திலேயே கழற்றியிருக்கிறாள்.

"ஸ்டவ் எடுத்துக்கலேன்னா அவர் கிளம்பியிருக்க மாட்டார். என்னையும் விட்டிருக்க மாட்டார்" என்றாள்.

 அப்படியானால் எதற்காக என்னை நாலு நாள் போட்டு வாட்டினீர்கள் என்று கேட்டுவிட்டேன். பதினொரு வருஷக் கோபம், அந்த நேரத்திலும் அடங்கவில்லை. மெட்ராஸ் வந்தால் உங்கள் வீட்டுச் சமையலறையைத் தவிர நான் என்ன கண்டேன் என்றேன். அக்கா வாஷரைப் பையில் போட்டுச் சுருக்கை இழுத்துக் கட்டினாள்.

"நீ வந்தா நாலு நாள் சமைக்கறே. நீ போனப்புறம்?"

இவ்வளவுதான் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் வீட்டை விட்டு வெளியில் தங்கினது இதுதான் முதல் தடவை என்று பிறகு பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்காவது பாஸ் உண்டு. எனக்காவது புலம்பினால் கேட்க ஒரு பௌதி இருந்தாள். இவளுக்கு நான் ஒருத்திதான், வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையோ வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காய் நறுக்கிவிட்டுப் போகிறவள். வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. எங்கள் வீட்டில் அதெல்லாம் வழக்கமில்லை.

அன்று மத்தியானம் அத்திம்பேர் ஸ்டவ்வை முழுக்கப் பிரித்துப் போட்டு, வாஷர் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். எங்கோ விழுந்திருக்கிறது, நல்லவேளை, ஓட்டை இல்லை என்று சந்தோஷமாகக் கடைத்தெருவுக்கு நடந்து போய்ப் புது வாஷர் ஒன்று வாங்கி வந்தார். காகிதத்தில் மடித்து ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, நாளைக் கார்த்தாலேயிருந்து மெஸ் கிஸ் ஒன்றும் வேண்டாம், நம்மாத்துச் சமையல்தான் என்று அறிவித்தார். அக்கா சரி என்றாள். சொல்லிவிட்டு, அரிசி மூட்டையை அவிழ்த்துக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அத்திம்பேர் கால் அலம்பிக்கொண்டு சந்தியாவந்தனம் பண்ண உட்கார்ந்தார். கண்ணை மூடி ஜபம் பண்ணுகிற நேரம் பார்த்து, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், வேலிக்கு அப்பால் பள்ளத்தில் என் பலம் கொண்டமட்டும் வீசினேன்.

மறுநாள் காலையில் ஜன்னல் மேடை, கட்டிலடி, பெட்டியடி எல்லாம் தேடிவிட்டு என்னிடம் வந்து கேட்டார். எலி தூக்கிண்டு போயிருக்கும் அத்திம்பேர், தோல்னா அதுக்கு ரொம்ப இஷ்டம், மலை எலி வேறே என்றேன். அவர் நம்பினாரோ என்னவோ, பாவம், காட்டுப் பக்கம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

 அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். முகத்தை அலம்பிக்கொண்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு, எங்கள் யாருக்காகவும் காத்திருக்காமல், முதல் ஆளாகத் தெருவைத் தாண்டி மெஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.